மாரடைப்புக்குப் பின் முதல் படி

[காட்சி: மாடிப்படியின் அடியில், கைப்பிடியைப் பற்றியபடி தயங்கி நிற்கும் ஒருவர்]

மாரடைப்பு வந்து, அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பியாயிற்று. எதிரே மாடிப்படி. ஏறலாமா? பாதியில் மூச்சு வாங்கினால் அது வெறும் களைப்பா, அடுத்த மாரடைப்பா? இதற்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை.

பதில் கிடைக்கும் இடம் இதய மறுவாழ்வு சிகிச்சை. சில வாரங்களுக்கு, கண்காணிப்பில் உடற்பயிற்சி. கூடவே உணவு, மருந்து, புகையை விடுவது, மனக்கலக்கம் பற்றிய ஆலோசனை. இதயத் தமனி நோய் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்பு) உள்ளவர்களுக்கு இது மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைக் குறைக்கிறது. ஆனாலும் தகுதியுள்ள பெரும்பாலோர் சேர்வதில்லை. சேர்கிறவர்களை எது அழைத்து வருகிறது?

[காட்சி: நாட்காட்டியின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன]

சாவு பயம் என்றுதான் நினைப்போம். அந்தப் பயம் மருத்துவமனைக் கட்டிலில் கொதிக்கும். வலி நின்றதும் ஆறிவிடும். 'அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே' என்ற எண்ணம் வந்துவிடும். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். வீடு திரும்பிய 10 நாட்களுக்குள் முதல் வகுப்புக்கு நாள் குறிக்கப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் வந்தார்கள். ஐந்து வாரம் தள்ளி நாள் குறிக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர்தான். மன உறுதி என்று நாம் பெரிதாகப் பேசுவதில் எவ்வளவோ இப்படி ஒரு தேதியில் அடங்கியிருக்கிறது.

பயம் ஆறிய பிறகும் மிஞ்சுவது ஆசை. பேரக் குழந்தையைத் தூக்க வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும், யார் துணையும் இல்லாமல் கடைவரை நடந்து வர வேண்டும். 'கொழுப்பைக் குறையுங்கள்' என்ற அறிவுரைக்கு அசையாத கால்கள் இவற்றுக்காக நடக்கும்.

[காட்சி: டிரெட்மில், அருகில் ஈ.சி.ஜி. திரை]

தொடர்ந்து வர வைப்பது வேறொன்று. முதல் நாள் நடக்கும்போது இதயம் வேகமாக அடிக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபிஸ்ட், "இந்த வேகம் சரிதான், நடங்கள்" என்கிறார். நடந்து முடித்தும் ஒன்றும் ஆகவில்லை. தன் உடம்பின் மேல் போன நம்பிக்கை அந்தச் சில நிமிடங்களில் திரும்பத் தொடங்குகிறது. பக்கத்து டிரெட்மில்லில் தன்னைப் போலவே மாரடைப்பைக் கடந்து வந்த ஒருவர் நடந்தால், இன்னும் வேகமாகத் திரும்பும்.

வீட்டில் "அசையாதீர்கள், ஓய்வெடுங்கள்" என்பது அன்பில் வரும் சொல். ஆனால் 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை 20 நாட்கள் படுக்கையிலேயே வைத்தபோது, அவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. துணைக்கு வரும் அன்புதான் நோயாளிக்கு உதவும்.

[காட்சி: கட்டிலருகே மருத்துவரும் ஒரு மூதாட்டியும்]

எல்லாவற்றையும்விட வலுவானது மருத்துவரின் சொல். "விருப்பமிருந்தால் போகலாம்" என்பதற்கும் "இதுவும் உங்கள் சிகிச்சைதான், அவசியம் போக வேண்டும்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தப் பரிந்துரை பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. அது எனக்கு மிகவும் வலிக்கிறது. உங்கள் அம்மா வீடு திரும்பும் நாளில் மருத்துவர் இதைப் பற்றிச் சொல்லவில்லை என்றால், நீங்களே கேளுங்கள்: "மறுவாழ்வுப் பயிற்சிக்கு இவர் எந்தத் தேதியில் வர வேண்டும்?"