நீரிழிவு உள்ளவருக்கு ஆண்டுக்கொரு தடுப்பூசி

அவைத்தலைவர் அவர்களே, வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை எனப் பல பகுதிகளிலிருந்தும் இந்த மாலை வேளையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளையோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நகரத்திலே அறிவுரைக்குக் குறைவில்லை. சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், காலையிலே காலிமுகத்திடலில் நடக்கச் சொல்கிறார்கள், ஆண்டுக்கொரு முறை கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். அவை எல்லாம் தேவையானவையே. ஆனால், இந்த ஆண்டுக்கான இன்புளுவென்சாத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டீர்களா என்று கிளினிக்கில் கேட்கப்படுவது மிகவும் அரிது. அந்த ஊசியைத் தடிமனுக்கும் இருமலுக்கும் உரிய ஒரு சிறு வசதி என்றே நம்மவர்கள் எண்ணுகிறார்கள். அது நீரிழிவுப் பராமரிப்பின் ஓர் உறுப்பு என்பதையே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், காய்ச்சல் நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்புளுவென்சா வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் சுவாசக் குழாய்களிலும் பெருகும்போது, உடம்பு அதை எதிர்ப்பதற்காகக் கோட்டிசோல், அட்ரீனலின் போன்ற சுரப்புகளை அதிகமாக வெளிவிடுகிறது. இவை ஈரலில் சேமிக்கப்பட்டிருக்கும் சீனியை இரத்தத்திற்குள் கொண்டுவருவதோடு, இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன. அதனால்தான் இரண்டு நாட்களாகச் சாப்பாடே இறங்காத ஒருவருக்கும் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. "ஒன்றும் சாப்பிடவில்லையே, எப்படிச் சீனி ஏறியது?" என்று வீட்டார் திகைப்பதற்குக் காரணம் இதுவே. சீனி ஏற ஏறச் சிறுநீர் அதிகமாகப் போகிறது; காய்ச்சலாலும் வியர்வையாலும் ஏற்கனவே நீரிழந்த உடம்பு மேலும் வறள்கிறது. இன்சுலின் சுரப்பு நின்றுபோன முதலாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு இது கீற்றோன் அமிலங்கள் இரத்தத்தில் தேங்கும் ஆபத்தான நிலையாகவும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத இரண்டாம் வகையினரில் வயது முதிர்ந்தவருக்கு இரத்தம் செறிந்து மயக்கத்தில் முடியும் நிலையாகவும் மாறலாம்.

அதே வேளையில், உயர்ந்த சீனி வெண்குருதிக் கலங்களின் ஆற்றலையும் குறைக்கிறது. வைரஸால் புண்பட்ட சுவாசக் குழாய்களுக்குள் பற்றீரியாக்கள் புகுந்து நியூமோனியாவை உண்டாக்குவது இப்படிப்பட்ட வேளையில்தான். 2009ஆம் ஆண்டு எச்1என்1 என்னும் இன்புளுவென்சா வகையின் பெருந்தொற்றின்போது கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த ஆய்வு, நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு ஏனையோரைவிட மூன்று மடங்கு என்று காட்டியது. அவ்வாறு அனுமதிக்கப்பட்டவர்களிடையே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்படும் வாய்ப்பும் நீரிழிவு உள்ளவர்களுக்கு நான்கு மடங்காக இருந்தது.

இருதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நீரிழிவு உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இருதய நோயே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதனையில் இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக உயர்ந்ததைக் கண்டறிந்தது. கிருமி நுரையீரலில் இருந்தாலும், அது எழுப்பும் அழற்சி இரத்தக் குழாய்கள் முழுவதையும் தாக்குகிறது.

சரி, ஊசி இதையெல்லாம் தடுக்கிறதா? மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பரவும் வைரஸோடு தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், வைத்தியரிடம் போகும் அளவுக்கு இன்புளுவென்சா வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. முதியவர்களில் இந்தப் பாதுகாப்பு இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனால் நீரிழிவு உள்ளவருக்கு நாம் அஞ்சுவது காய்ச்சலை மட்டுமா? இங்கிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஏறத்தாழ 1,24,000 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி போட்டவர்கள் இன்புளுவென்சாப் பருவத்தில் பக்கவாதத்துக்காக வைத்தியசாலையில் சேர்வது 30 சதவீதமும், இருதயச் செயலிழப்புக்காகச் சேர்வது 22 சதவீதமும், இறப்பு 24 சதவீதமும் குறைந்திருந்தன. ஊசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகத் தங்கள் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பதால், இந்தப் பலன் முழுவதையும் ஊசியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும், இவை புறக்கணிக்கத்தக்க எண்கள் அல்ல.

போன வருடம் போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். போன வருடத்துப் பஞ்சாங்கத்தை வைத்து இந்த வருடத்துக்கு நாள் பார்க்க முடியாதல்லவா! இன்புளுவென்சா வைரஸின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் இடைவிடாது சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அதோடு, ஊசியால் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் செல்லச் செல்லத் தேய்கிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளிலிருந்து வரும் மாதிரிகளை ஆராய்ந்து, தடுப்பூசியில் எந்த வகைகள் சேர வேண்டும் என்பதை ஆண்டுக்கு இரு முறை, பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், முடிவுசெய்கிறது. அந்தக் கண்காணிப்பு வலையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு: பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமே இலங்கையின் தேசிய இன்புளுவென்சா நிலையம்.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பியருக்கு இன்புளுவென்சா பனிக்காலத்து நோய். நமக்குப் பனிக்காலம் இல்லை, மழைக்காலங்களே உண்டு. இலங்கையில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஏப்ரல் முதல் ஜூன் வரையும், வடகீழ்ப் பருவமழையோடு நவம்பர் முதல் பெப்ரவரி வரையும் என இரண்டு முறை இந்நோய் தலைதூக்குகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு கிழமைகள் வேண்டும். ஆகவே மழை தொடங்குமுன் போடுவதே சிறந்தது. தவறினால், அந்த ஆண்டை விட்டுவிடாமல் புதிய ஊசி கிடைத்ததும் போட்டுவிட வேண்டும். மார்கழியில் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன்பாவது வட அரைக்கோளத்துக்குரிய ஊசி கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊசியால் காய்ச்சல் வந்துவிடும் என்ற அச்சம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கையில் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் இன்புளுவென்சாவை உண்டாக்கவே முடியாது. போட்ட இடத்தில் நோவும், ஓரிரு நாள் உடல் அலுப்பும் இலேசான காய்ச்சலும், சிலருக்குச் சீனியில் சிறிது ஏற்றமும் காணப்படலாம். மூக்கில் தெளிக்கும் வகை உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆனது என்பதால் அது நீரிழிவு உள்ள வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. முன்னர் இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களும், கியன்பாரே என்னும் நரம்பு நோய் வந்தவர்களும் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாமசியில் வாங்கிக் கொண்டுபோய்ப் போடுவோர், அது 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குள் இருக்க வேண்டிய மருந்து என்பதை மறக்கக் கூடாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் போகும் மருந்து அல்ல அது. இன்சுலினைப் பாதுகாத்துப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல.

வீட்டிலுள்ள மற்றவர்களும் போட்டுக்கொண்டால் நோயாளிக்கு இன்னொரு காவல் கிடைக்கும். மூன்று தலைமுறைகள் ஒரே தொடர்மாடி வீட்டில் வாழும் நகரம் இது. பாடசாலையிலிருந்து வரும் பேரப்பிள்ளையின் தும்மல் பாட்டியின் அறைக்கு எட்டாமல் இருக்குமா? முதன்முறையாகப் போடும், ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, குறைந்தது நான்கு கிழமைகள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை.

அடுத்து, என் மனத்தில் உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். நம் நாட்டுச் சிறுவர்களுக்கான தடுப்பூசித் திட்டம் உலகம் மெச்சுவது. ஆனால் வளர்ந்தவர்களுக்கான இன்புளுவென்சா ஊசி அந்த இலவசத் திட்டத்தில் இல்லை. தனியார் வைத்தியசாலையிலோ பாமசியிலோ கைக்காசு கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. இந்நாட்டு வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று அண்மைய தேசிய ஆய்வு காட்டுகிறது. அவர்களில் அன்றாடக் கூலியில் குளிசை வாங்குபவரிடம், இதையும் நீங்களே வாங்குங்கள் என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. ஒரு நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நாட்களுக்கு அரசு செலவிடுவதோடு ஒப்பிட்டால் இந்த ஊசியின் செலவு சிறிது; ஆகவே முதலில் அறுபத்தைந்து வயதைக் கடந்த நீரிழிவு நோயாளருக்காவது கிளினிக்கிலேயே இதை இலவசமாகப் போடலாம். நோயாளர் சங்கங்களும் நம் போன்ற அமைப்புகளும் இதை எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, பெற்றோருக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கும் பிள்ளைகள் இந்த ஊசிக்கான பணத்தையும் ஒதுக்கிவைக்கட்டும்.

ஊசி போட்ட பின்னும் காய்ச்சல் வரலாம். வந்தால் இன்சுலின் போடுபவர்கள், சாப்பிடவில்லை என்ற காரணத்துக்காக அதைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. ஆனால் மெற்போமின் போன்ற சில நீரிழிவுக் குளிசைகள், வாந்தியோ வயிற்றோட்டமோ இருக்கும்போது தற்காலிகமாக நிறுத்தப்பட வேண்டியவை. எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை உடம்பு நன்றாயிருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிநேரத்துக்கொரு முறை சீனியைப் பாருங்கள், தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். கொழும்பில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், பரசிற்றமோலைத் தவிர வேறு நோவு மாத்திரைகளைத் தாமாக விழுங்காமல் வைத்தியரிடம் போங்கள். இன்புளுவென்சாவுக்குரிய ஒசெல்ராமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணிநேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் சிறந்த பலன் தரும். ஆகவே மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது நீரிழிவு உள்ளவருக்குப் பொருந்தாது. மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சீனி 300க்கு மேலேயே நின்றாலோ நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளில் உங்கள் கிளினிக் புத்தகத்தை நீட்டும்போது, ஊசியைப் பற்றி நீங்களே கேளுங்கள். போட்ட திகதியை அதே புத்தகத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். கேள்விகள் இருப்பவர்கள் இனிக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாகவே பதில் சொல்கிறேன்.