காமாலை வந்து போன தடம்

[காட்சி: கடலூர், மஞ்சக்குப்பம். ரத்ததான முகாம். மேசையில் படிவமும் பேனாவும்.]

"அண்ணே, இதுக்கு முன்னாடி காமாலை வந்திருக்கா?"

"சின்ன வயசுல வந்தது தம்பி. கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தாங்க, சரியாயிடுச்சு."

இதையாவது சொன்னாரே என்று சந்தோஷப்பட வேண்டும். பலர் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் போய்விடுகிறார்கள்.

காமாலை ஓர் அறிகுறிதான். வெள்ளம் வடிந்த பிறகு கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ், அதாவது வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியில், ஏ அல்லது இ வகை. அது உறுதியானால், ஒரு வருடம் கழித்து ரத்தம் கொடுக்கலாம். பி, சி வந்தவர்கள் கொடுக்கவே கூடாது. எந்த வகை என்றே தெரியாவிட்டாலும் விதிப்படி கொடுக்க முடியாது.

சரி, எப்படியும் ரத்தத்தைச் சோதிக்கிறார்களே, அதில் தெரியாதா?

[காட்சி: வைரஸ் படம். வெளியே உறை, உள்ளே கரு.]

ஹெபடைடிஸ் பி-க்குக் கட்டாயச் சோதனை உண்டு. அது தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தை. அதைக் கண்டறிந்த ப்ளம்பர்க்குக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோய் தணிந்ததும் அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ரிசல்ட் நெகட்டிவ். ஆனால் கல்லீரல் செல்லுக்குள் வைரஸின் மரபணு தங்கிவிடுகிறது. சிலருக்கு அது துளித்துளியாக ரத்தத்திலும் கலக்கும்.

அப்படி வந்து போனதற்கு ஒரு தடம் இருக்கிறது. வைரஸின் உட்கருவுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் 'கோர் ஆன்டிபாடி', பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரத்தத்தில் நிற்கும். தடுப்பூசியில் இருப்பது மேலுறைப் புரதம் மட்டும்தான், அதனால் ஊசி போட்டவர்களுக்கு இந்தத் தடம் விழாது. அமெரிக்க ரத்த வங்கிகள் 1980-களிலேயே இதைப் பார்க்கத் தொடங்கின. பிரிட்டன் 2022-இல்தான் சேர்த்தது.

நம் ஊரில் ஏன் கட்டாயமாக்கவில்லை? இங்கே இந்த வைரஸைச் சந்தித்து மீண்டவர்கள் ஏராளம். தடம் இருக்கும் பைகளையெல்லாம் ஒதுக்கினால் ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜ் காலியாகிவிடும். பிரசவ வார்டில் ரத்தத்துக்குக் காத்திருக்கும் பெண்ணை நினைத்தால், இந்த முடிவில் எனக்குத் தவறு தெரியவில்லை. மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை சில இடங்களில் உண்டு. ஆனால் செலவு அதிகம், மிகக் குறைந்த அளவு வைரஸ் அதிலும் தப்பலாம்.

அந்த இடைவெளியை அடைப்பது படிவத்தில் நீங்கள் போடும் டிக்தான். கோரிமேடு ஜிப்மரில் கீமோ எடுப்பவரின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அவருக்குக் கொஞ்சம் வைரஸே போதும்.

நண்பர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்து வீட்டுக்குப் போன பிறகு ஞாபகம் வந்தாலும் உடனே ரத்த வங்கிக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பையை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள்.