படகின் கழிவுத் தொட்டியில் ஃபிட்டிங்கும் ஹோஸும் பொருத்துவது எப்படி? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கும் நேயர் ஒருவர், "கழிவறைக்குப் புதிய பாலித்தீன் தொட்டி வைக்கப் போகிறேன். ஹோஸைத் தொட்டியோடு இணைக்கும் ஃபிட்டிங்குகளை எந்தப் பசையால் ஒட்டுவது? பழைய ஹோஸையே திரும்பப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பசையை மறந்துவிடுங்கள். பாலித்தீனில் எந்தப் பசையும் நம்பும்படி ஒட்டாது. அதனால்தான் தயாரிப்பாளரே மரையுள்ள வாய்களைத் தொட்டியோடு உருக்கி இணைத்துத் தருகிறார். உங்களுக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் வாய் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிட்டிங்கின் மரையில் டெஃப்லான் டேப்பை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, கையால் இறுகும் வரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் ஏறக்குறைய ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். என் முதல் தொட்டியில் பெரிய ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தையும் காட்டினேன்; வாயில் விழுந்த மயிரிழை விரிசலை, தொட்டி பாதி நிறைந்த பிறகு மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

பழைய ஹோஸ் தேறுமா என்பதற்கு எளிய சோதனை உண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை அதன்மேல் சுற்றி வைத்து, துணி ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால், கழிவின் வாடை ஹோஸின் சுவர் வழியாகவே கசிகிறது என்று பொருள். அதைக் கழுவிப் பயனில்லை. கழிவுக்கென்றே செய்யப்பட்ட தடித்த ஹோஸை, பெரும்பாலான படகுகளில் 38 மி.மீ. அளவில், புதிதாக வாங்குங்கள். நுனியை வெந்நீரில் முக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுத் தடவினால் ஃபிட்டிங்கின் மேல் ஏறிவிடும். ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் இரண்டை, திருகுகள் எதிரெதிராக அமையும்படி போடுங்கள். ஆனால் ஃபிட்டிங்கின் கழுத்து குட்டையாக இருந்து இரண்டாவது கிளாம்ப் அதற்கு வெளியே விழுமானால் ஒன்றே போதும்; வெளியே விழும் கிளாம்ப் ஹோஸை அறுத்துவிடும். வழியில் ஹோஸ் தொய்ந்து தொங்கக் கூடாது, தொய்ந்த இடத்தில்தான் கழிவு தேங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பலரும் அலட்சியப்படுத்துவது காற்றுக் குழாயைத்தான். 16 மி.மீ. குழாயே வழக்கம் என்றாலும், வாய் இடங்கொடுத்தால் 25 மி.மீ. குழாயைக் குட்டையாக, நேராக, மேல்நோக்கியே செல்லுமாறு அமையுங்கள். காற்று தாராளமாக உள்ளே வந்தால், காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிக் கழிவைச் சிதைக்கும்; காற்று இல்லாதபோது பெருகும் மற்ற வகைதான் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்புகிறது. சிலந்திக் கூடோ உப்போ அந்தக் குழாயை அடைத்திருக்கும்போது கரையில் உள்ள பம்ப்பால் கழிவை உறிஞ்சினால், தொட்டியே உள்வாங்கி நசுங்கக்கூடும்.

கழிவைத் தொட்டிக்கோ நேரடியாகக் கடலுக்கோ திருப்பிவிடும் மூவழி வால்வு இருக்குமானால், அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடுவது சட்டவிரோதம் என்பதால், அங்கே அதன் கடல் வழியை மூடிப் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், 80 லிட்டர் தொட்டி நிறைந்தால் 80 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை நினைவில் கொண்டு தொட்டியைப் பட்டையால் இறுகக் கட்டி, நல்ல தண்ணீரால் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஹோஸ் சற்றே அமுங்கியிருக்கும் என்பதால், ஒரு வாரம் கழித்துக் கிளாம்ப்புகளை மறுபடியும் ஒருமுறை இறுக்குங்கள்.