முயலுக்குக் கேட்ட மருந்து

எல்லோருக்கும் வணக்கம். அந்தப் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூல் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. சிலர் அதை ஊசியால் குத்திப் பிழிந்து முகத்தில் தடவுகிறீர்கள். அது உங்கள் பாடு. இதயத்துக்கு நல்லதென்று தினம் ஒன்று விழுங்குகிறவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

இந்த நம்பிக்கைக்குப் பெரிய தெம்பு கொடுத்தவை முயல்கள். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. பிற்பாடு ஜப்பானில் வதனபே என்ற ஆய்வாளர், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் எகிறிக் கிடக்கும் ஒரு முயல் வம்சத்தையே உருவாக்கினார். 1987இல் அந்த முயல்களில் ஒரு பிரிவுக்குப் புரோபுகாலும் இன்னொரு பிரிவுக்கு லோவாஸ்டாட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகள். இப்படிப்பட்ட ஆய்வில் பெருந்தமனியை நீளவாக்கில் பிளந்து சூடான் எனும் சிவப்புச் சாயத்தில் ஊறவைப்பது வழக்கம். கொழுப்பு ஏறிய இடம் செக்கச் செவேலென்று தெரியும். இரண்டு பிரிவிலும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் புரோபுகால் பிரிவில் படிவு குறைவு.

புரோபுகாலுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் உண்டு. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேதியியல், கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல்லிலும் நடக்கிறது. கெட்டுப்போன எல்டிஎல்லை வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கிக் குழாய்ச் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. அதைத் தடுத்தால் போதுமே, வைட்டமின் ஈ அதைச் செய்யாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சில விலங்கு ஆய்வுகளில் செய்தது, சிலவற்றில் செய்யவில்லை. நம் காதில் விழுந்தது முதல் வகை மட்டும்.

மனிதரிடம் வந்தபோது கதை மாறியது. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் 9,541 பேர். சுமார் நாலரை வருடம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பில் வித்தியாசமில்லை. 2002இல் பிரிட்டனில் 20,536 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் பலனில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அது 1994லேயே தெரிந்த சேதி.

முயல் பொய் சொல்லவில்லை. அதற்கு இளம் வயதில், படிவு வளரும் பருவத்திலேயே மருந்து போனது. ஹோப் ஆய்வுக்கு வந்தவர்களோ 55 வயதைத் தாண்டியவர்கள். பலருக்கு ஏற்கெனவே இதய நோய்.

வைட்டமின் சி விஷயத்தில் இன்னொரு சிக்கல். முயலும் எலியும் அதைத் தங்கள் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் 2000வாக்கில், சி தயாரிக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். பிறகு, ரத்தக் குழாயில் கொழுப்பு படியும் வகைச் சுண்டெலிகளோடு அவற்றைச் சேர்த்து இனம் பெருக்கி, சிலவற்றுக்குச் சி தாராளமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள். படிவின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சி குறைந்தவற்றில் மட்டும் படிவுக்குள், அதை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைந்து, அது வெடிக்கக்கூடிய நிலையில் பலவீனமாக இருந்தது. பற்றாக்குறை கெடுதல் என்பதற்கு இது சாட்சி. தேவைக்கு மேல் விழுங்கினால் நல்லது என்பதற்கு அந்தச் சுண்டெலிகளிடமும் சாட்சி இல்லை.