ஆறு கடலையும் ஒரு கரும்புலியும்

(பெங்களூர் அல்சூரில் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் பேசியது)

வணக்கம். மேஜை மேல் இருக்கிற பாத்திரத்தில் கறுப்புக் கொண்டைக்கடலையும் வெள்ளையும் சரிபாதி கலந்திருக்கின்றன. முன்வரிசை அம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஆறு மட்டும் எடுங்கள். ஐந்து கறுப்பு, ஒரு வெள்ளை! கறுப்புக்குத் தனித் திறமை ஒன்றும் இல்லை, கை அப்படி விழுந்தது. இந்த ஆறையும் விதைத்து, விளைந்ததிலிருந்து மறுபடி ஆறு எடுத்தால் வெள்ளை அடியோடு போய்விடலாம். அண்டாவிலிருந்து ஆயிரம் எடுத்தால் இப்படி ஆகாது.

பரிணாமம் என்றதும் 'வலியது பிழைக்கும்' என்கிறோம். கூட்டம் சின்னதாகித் தனித்துப்போனால், வலிமையோடு குருட்டு அதிர்ஷ்டமும் சேர்ந்து முடிவு செய்கிறது.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டுப் புலிகளைப் பாருங்கள். கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பே கறுத்துத் தெரியும். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 2021-இல் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால்தான் குட்டி கறுக்கும். அபூர்வமான சங்கதி. ஆனால் அந்த ஆய்வின்போது சிமிலிபாலில் நூற்றுக்கு 37 புலி அப்படி! சில புலிகளிலிருந்து பெருகி, வெளிக்காட்டோடு தொடர்பற்றுப்போன கூட்டம் அது. அம்மா எடுத்த ஆறு கடலைதான்.

மலைகளிலும் இதே கதைதான். கோவை தாண்டி ரயிலில் போகும்போது வருமே பாலக்காட்டுக் கணவாய், அதற்கு வடக்கே நீலகிரியில் வாழும் சின்ன நீலச் சோலைப்பறவை ஓர் இனம், தெற்கே இருப்பது வேறு இனம். நமக்குக் காற்று வரும் வாசல், அதற்குத் தாண்ட முடியாத மதில்.

சரி, இப்படித் தனித்துப்போன கூட்டத்துக்கு மருந்து என்ன? சீவல் ரைட் என்ற அமெரிக்கர் 1931-லேயே கணக்குப் போட்டார். தலைமுறைக்கு ஒன்றிரண்டு வெளியிலிருந்து வந்து குட்டி போட்டாலே கூட்டங்கள் ரொம்ப விலகிப்போகாது. கூட்டம் இருபதா, இரண்டாயிரமா என்பதுகூடப் பெரிதில்லை. பெரிய கூட்டத்தில் அந்த ஒன்று கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் அங்கே அதிர்ஷ்டத்தின் ஆட்டமும் அதே அளவுக்கு மெதுவாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

காகிதத்தில் சுலபம். 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண்புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுபோனார்கள். ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை போலும். ஜார்க்கண்ட் வழியாக நடந்து மேற்கு வங்கத்து பாங்குராவரை போய்விட்டது. மயக்க ஊசி போட்டு, வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.