பாலே பாவாடை எப்படிக் குட்டையானது?

வணக்கம் மக்களே. போன வீடியோவில் லெஹங்காவுக்குள் கேன்கேன், அதாவது பாவாடையை விரித்து நிறுத்தும் விறைப்பான நெட் அடுக்கு, வைத்துத் தைப்பதைக் காட்டினேன் அல்லவா? அதன் கீழே, "பாலே ஆடுகிறவர்களின் பாவாடை மட்டும் எப்படி இடுப்பிலிருந்து நேராக விரிந்து நிற்கிறது, அதற்குள்ளேயும் கேன்கேன்தானா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பாவாடைக்குப் பெயர் டூட்டூ. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தையல் மிஷின் பக்கம் போகவே மாட்டேன், கதை மட்டும்தான்.

அழகுக்காகத்தான் அதைக் குட்டையாக வெட்டினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலில் வித்தை கூடக் கூட, அதை மறைத்த துணி மேலே ஏறியது. அவ்வளவுதான்.

தொடக்கத்தில் பாலே அரண்மனை ஆட்டம். பெண்கள் தரையைத் தொடும் கனமான உடையோடுதான் ஆடினார்கள். 1726இல் பாரிஸ் ஆபெராவில் மரி கமார்கோ என்ற பெண் ஆட வருகிறார். குதித்து, அந்தரத்திலேயே இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வெட்டும் ஆந்த்ரஷா என்ற அசைவில் அவர் கெட்டிக்காரர். பாதமே தெரியாவிட்டால் அதைச் செய்து என்ன பயன்? பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார். சில அங்குலம்தான். அன்றைக்கு அதுவே பெரிய பேச்சாகிவிட்டது.

அடுத்த பாய்ச்சலுக்கு நூறு வருடம் ஆனது. 1832 மார்ச் 12, பாரிஸ் ஆபெராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறுகிறது. ஆடியவர் மரி தாலியோனி, நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ தாலியோனி. கதாநாயகி காற்றில் மிதக்கும் ஒரு வனதேவதை. அதனால் வெள்ளையில், ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிய துணி அடுக்கி, கெண்டைக்காலின் பாதிவரை மணி வடிவில் இறங்கும் ஒரு பாவாடை. திரையில் போடுகிறேன், பாருங்கள். இதைத்தான் ரொமாண்டிக் டூட்டூ என்கிறார்கள். 1841இல் வந்த 'ஜிசெல்'லின் இரண்டாம் பாகத்தில் வரும் ஆவிப் பெண்களும் இதையேதான் அணிகிறார்கள், இன்றுவரைக்கும்.

இரண்டு விஷயங்கள் இல்லாமல் அந்த உடை வந்திருக்காது. ஒன்று, மிஷினில் நெய்த வலைத்துணி. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1800களின் முதல் பத்தாண்டிலேயே அதற்கான இயந்திரத்தைச் செய்துவிட்டார். என் கையில் இருப்பது இங்கே கடையில் வாங்கிய சாதா நெட். கொசுவலை மாதிரி அறுகோணக் கண்கள் தெரிகிறதா? கையால் பின்னிக்கொண்டிருந்த காலத்தில் இது பணக்காரச் சரக்கு. இன்னொன்று, கேஸ் விளக்கு. பாரிஸ் ஆபெராவுக்கு அது 1822இல் வந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி நிலா மாதிரி ஒளிர்ந்தது.

ஆனால் மெல்லிய பருத்தித் துணி, ஏகப்பட்ட அடுக்கு, இடையிடையே காற்று, பக்கத்திலேயே திறந்த சுடர். தைக்கிற யாரிடம் சொன்னாலும் வயிற்றைக் கலக்கும். 1844இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனப் பெண் மேடையிலேயே உடையில் தீப்பிடித்து, அந்தக் காயத்தில் இறந்துபோனார். எம்மா லிவ்ரியின் கதை இதைவிட மனதைப் பிசைவது. அவர் தாலியோனியின் சிஷ்யை. தாலியோனி ஒரு முழு பாலே அமைத்ததே இவருக்காகத்தான், 1860இல் வந்த 'லெ பாப்பியோன்'. அதற்கு முந்தின வருடமே பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டிருந்தது: மேடைத் துணிகளைக் கார்த்தரோன் என்பவர் கண்டுபிடித்த தீத்தடுப்புக் கரைசலில் முக்க வேண்டும். முக்கினால் துணி விறைத்துவிடும், வெள்ளை மங்கிவிடும். லிவ்ரி மறுத்துவிட்டார். சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதியும் கொடுத்தார்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடையின் ஓரத்தில் காத்திருந்தபோது கேஸ் சுடர் பாவாடையில் பற்றியது. எரிந்துகொண்டே மேடைக்கு ஓடினார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, 1863 ஜூலையில் இறந்தார். வயது 20. அந்த உடையில் மிஞ்சிய கருகிய துண்டுகளைப் பாரிஸ் ஆபெராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பிடிவாதக்காரி என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். மிதக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள், மிதக்கவே முடியாத துணியைக் கையில் கொடுத்தார்கள்.

சரி, ரஷ்யாவுக்குப் போவோம். 1885இல் வர்ஜீனியா சுக்கி என்ற இத்தாலிய நட்சத்திரம் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் வருகிறார். அங்கே கொடுத்த நீளப் பாவாடையைப் போட மாட்டேன், குட்டையாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். அவருக்குப் பின் இன்னொரு இத்தாலியர், பியெரினா லென்யானி. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைச் சாட்டையாக வீசிச் சுழலும் ஃபுவெத்தே, தொடர்ந்து 32 தடவை. 1895இன் 'ஸ்வான் லேக்'கிலும் அதை ஆடினார். கெண்டைக்காலை மூடிக்கொண்டு அதை ஆடினால் சபைக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒன்று கவனியுங்கள், லென்யானியின் பழைய புகைப்படத்தில் பாவாடை முழங்கால் பக்கம் வரை தொங்கும். இன்று நாம் பார்க்கிற தட்டையான பான்கேக் டூட்டூ இருபதாம் நூற்றாண்டில் வந்தது. ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் புகழ்பெற்ற 'சாகும் அன்னம்' நடனத்தின் உடைகூடத் தாழ்ந்த மணி வடிவம்தான். (பாவ்லோவா என்றதும் நம் ருக்மிணி தேவி ஞாபகம் வருகிறார். அவர் பாலே கற்றது பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டியிடம். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள் என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். இந்தத் தட்டையான டூட்டூவுக்கு உள்ளே ஒரு ஜட்டி. அதன் மேல் சுருக்கி வைத்துத் தைத்த நெட், பத்துப் பன்னிரண்டு வரிசை. மேல் வரிசை அகலம், கீழே இறங்க இறங்கக் குறுகும். நடுவில் ஒரு வரிசைக்குள் மெல்லிய எஃகு வளையம். பிறகு அடுக்குகளை ஒன்றோடொன்று தளர்வாக நூல் போட்டுப் பிடிக்க வேண்டும், கையால். மேல்பகுதிக்கு ஜிப் கிடையாது, கொக்கிதான். ஒரே உடையைப் பல பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்பதால் கொக்கி மாட்டும் இடம் பல வரிசை இருக்கும்.

அந்த எஃகு வளையத்தைத் தூக்கி எறிந்தவர் கரின்ஸ்கா என்ற உடை வடிவமைப்பாளர். கார்கிவில் பிறந்தவர், 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் வாங்கியவர். நியூயார்க்கில் பாலன்சின் என்ற நடன அமைப்பாளரின் 'சிம்ஃபனி இன் சி' பாலேயில் மேடையில் கூட்டமாக ஆட வேண்டும். வளையம் வைத்த பாவாடைகள் ஒன்றில் ஒன்று இடித்து, ஆட்டம் முடிந்த பிறகும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். 1950இல் அவர் ஆறேழு அடுக்கு மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் முந்தினதைவிட அரை அங்குலம் கூட்டி, தன்னாலேயே நிற்கும்படி தைத்தார். பவுடர் பஃப் டூட்டூ என்று பெயர். மேல்பகுதித் துண்டுகளைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டினார், மூச்சு விட்டால் துணியும் கூட விரியும். பிளவுஸ் தைக்கிறவர்கள் இதை ஒரு தரம் முயன்று பாருங்கள்.

துவைப்பதைக் கேட்காதீர்கள், துவைக்கவே மாட்டார்கள். வியர்வை வாடைக்கு உள்பக்கம் வோட்கா தெளிப்பது பல குழுக்களில் வழக்கம். தொங்கவிடுவதும் தலைகீழாகத்தான், இல்லாவிட்டால் விரிப்பு சரிந்துவிடும். கேன்கேன் லெஹங்கா வைத்திருக்கிறவர்கள் அலமாரியில் அதை எப்படி மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.