மணத்தில் முடிந்தால் பணிந்ததாகுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களின் பெண்கள் கட்டுகளை உடைத்தார்கள் என்பது எங்கள் அணியின் வாதம். கதாநாயகிகள் எல்லோரும் கடைசியில் மணம் முடித்து அடங்கிவிடுகிறார்களே என்று எதிரணித் தலைவர் கேட்டார். அந்த மணத்துக்கு முன்னால் அவர்கள் எதையெல்லாம் மறுத்தார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், தந்தையின் சொத்து ஆண் வாரிசான காலின்ஸுக்கே போகும் என்ற நிலையில், அந்தக் காலின்ஸே பெண் கேட்டு வந்தும் கதாநாயகி எலிசபெத் மறுக்கிறாள். 'ஜேன் அயர்' நாவலின் கதாநாயகி ஜேன், தான் மணக்கவிருந்த ரோச்செஸ்டருக்கு மனைவி உயிரோடு இருப்பதை அறிந்ததும், உயிராய் நேசித்தவரை விட்டு 20 ஷில்லிங்கோடு வெளியேறுகிறாள்.

ஆயினும் நான் பெரிதும் நம்பும் சாட்சி, ஆன் பிராண்டி ஆண்பெயர் போன்ற புனைபெயரில் 1848இல் வெளியிட்ட 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலின் ஹெலன். கணவன் ஹன்டிங்டன் குடிகாரன். சிறு மகனுக்கும் மது ஊற்றிப் பழக்குகிறான். ஓவியம் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் திட்டமிட்டதை நாட்குறிப்பிலிருந்து தெரிந்துகொண்ட அவன், தூரிகைகளையும் வண்ணங்களையும் நெருப்பிலிட்டு, அவளிடமிருந்த பணத்தையும் நகைகளையும் பறித்துக்கொள்கிறான். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றமே அன்று. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1870இல்தான், பிற சொத்துகளுக்கு 1882 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் தன் பக்கம் இல்லை என்று தெரிந்தே அவள் மகனோடு வெளியேறி, பெயரை மாற்றி, கணவன் தேடி வந்துவிடாதபடி ஓவியங்களில் பொய்யான ஊர்ப்பெயர் எழுதி விற்று வாழ்கிறாள். சட்டம் மாறுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இதை எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கணவன் நோயுற்றபோது அவள் திரும்பிச் சென்று பணிவிடை செய்தாளே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். செய்தாள், ஆனால் மகனை அவள் பொறுப்பிலேயே விடுவதாகக் கணவன் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த பிறகுதான் மகனைப் பார்க்க அவனை அனுமதித்தாள்.

அவளும் மறுமணம் செய்துகொள்கிறாள், நடுவர் அவர்களே. ஆனால் அப்போது அவள் பெரும் பண்ணையின் உரிமையாளர். அந்தச் செல்வத்தைக் கண்டு, அவளை நேசிக்கும் கில்பர்ட் பேசத் தயங்கி நிற்கையில், பனிக்காலத்து ரோஜாவைப் பறித்துக் கொடுத்துத் தன் விருப்பத்தை முதலில் தெரிவிப்பவளும் அவளே.